இணைவு உலைக்கு எந்தத் தீக்குச்சி?

அத்தையின் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக ஐந்து வாரம் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் கடந்து ஜார்ஜ்டவுன் போய் வந்தேன். சிகிச்சை அறையில் இருந்தது எலெக்ட்ரான்களை விரட்டும் ஒரு சிறு துகள் முடுக்கி. கனத்த கதவு மூடும், சில நிமிடம் ரீங்காரம் கேட்கும், கதவு திறக்கும், அடுத்தவர் உள்ளே போவார். மாலை வரை அதே கதைதான். அலுக்காமல் உழைக்கும் இந்தக் குணம்தான் 1970களில், லேசான அணுக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கப் பார்க்கும் அணு இணைவு ஆராய்ச்சியாளர் சிலரை முடுக்கிகளின் பக்கம் திருப்பியது.

2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 192 லேசர் கற்றைகள் மிளகைவிடச் சிறிய எரிபொருள் உருண்டை ஒன்றை அழுத்தின. லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், கிடைத்தது 3.15. உலகமே கைதட்டியது. ஆனால், அந்த லேசர்களை இயக்க எடுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி ஏறக்குறைய நூறு மடங்கு. மின்நிலையம் என்றால் இதை நொடிக்குச் சில முறை, ஆண்டு முழுவதும் செய்தாக வேண்டும்.

முடுக்கியோ வாங்கும் மின்சாரத்தில் கால் பங்குக்குக் குறையாமல் கற்றைக்குத் தரும் என்பது வல்லுநர்களின் கணிப்பு. பிஸ்மத் போன்ற கனமான அணுக்களை மின்சுமை கொண்ட அயனிகளாக்கி, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு விரட்டினால், அவை இலக்கான எரிபொருள் உருண்டையைச் சூழ்ந்த உறையில் புதைந்து சட்டென்று நின்றுவிடும். உறை கொதித்து எக்ஸ் கதிர்களைக் கொட்டும். அதில் உருண்டையின் மேல்தோல் வெளியே சீற, உள்ளிருப்பது ராக்கெட் போல எதிர்த்திசையில் நசுங்கும். நாலாபக்கமும் ஒரே சீராக நசுங்க வேண்டும். தைப்பூசத் தேங்காய் போல ஒரு பக்கம் அடி வாங்கிச் சிதறினால் எல்லாம் வீண். சீராக நசுங்கினால் உருண்டைக்குள் இருக்கும் டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரு கனமான ஹைட்ரஜன் வகைகளும் இணைந்து ஹீலியமாகும். நியூட்ரான் ஒன்று பாய்ந்து வெளியேறும். லேசர் ஒளியைக் குவிக்கக் கடைசியில் கண்ணாடி வில்லை வேண்டும், அதை நியூட்ரான் பாழாக்கும். அயனிகளைக் குவிப்பது காந்தப்புலம். அதன் நடுவே வெறும் துளைதான்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. அயனிகள் நீண்ட வரிசையாக வருகின்றன, இலக்கிலோ ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குள் எல்லாம் விழ வேண்டும். நான் தினமும் கடந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் கார் மெதுவாகவும், பின்னால் வருபவை சற்று வேகமாகவும் ஓடினால், தீவின் கரையை எல்லாம் ஒரே கணத்தில் எட்டும். அதற்காகத்தான் வரிசையின் வாலுக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். எனினும் எல்லா அயனிகளும் நேர்மின்சுமை கொண்டவை. நெருங்க நெருங்க ஒன்றையொன்று தள்ளிக் கற்றையைப் பரப்பிவிடும். ஆகவே கடைசி சில மீட்டரில் பிளாஸ்மாவை, அதாவது எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாகத் திரியும் வாயுவை நிரப்பி, அதன் எலெக்ட்ரான்களைக் கொண்டு அந்தச் சண்டையைத் தணிக்கிறார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இதைச் சிறிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சிறிய அளவு என்பதில்தான் வண்டி நிற்கிறது. லேசர் ஆய்வுக்கு அமெரிக்க அணு ஆயுதத் துறையின் பணம் துணை. முடுக்கியிலோ ஒரே ஒரு உருண்டையைப் பற்றவைத்துப் பார்க்கவும் கிலோமீட்டர் கணக்கில் முழு எந்திரம் வேண்டும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஃபேர் என்ற பெரும் கன அயனி முடுக்கி எழுகிறது. அதுவும் மின்சாரத்துக்காக அல்ல, பருப்பொருளின் இயல்பை ஆராய.