செல்போன் கோபுரத்தின் அடியில் என்ன விழுகிறது?

கிராமப்புறக் குடியிருப்பு ஒன்றின் ஓரத்தில் செல்போன் கோபுரம் வரவிருப்பதை எதிர்த்து அண்டைவீட்டாருடன் சேர்ந்து மனு கொடுத்திருக்கும் வாசகர் ஒருவர், "கோபுரம் வந்தே தீருமானால், எங்கள் வீடுகளிலிருந்து அது எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். விலக விலக ஆபத்து குறையும் என்ற எண்ணம் இக்கேள்விக்குள் இருக்கிறது. அடுப்புக்கு அது சரி. கோபுரத்துக்கு அப்படியே பொருந்தாது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்போன் சேவைக்குப் பயன்படும் 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதன் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது அலை சுமக்கும் மிகச்சிறு ஆற்றல் துணுக்குக்கு, உள்ள ஆற்றல், பச்சை ஒளியின் ஃபோட்டானுக்கு உள்ளதில் ஏறத்தாழ 6 லட்சத்தில் ஒரு பங்கு. மூலக்கூறின் பிணைப்பை உடைக்க அது போதாது. செறிவு மிகுந்தால் திசுவைச் சூடாக்கும். பாதுகாப்பு வரம்புகள் அந்தச் சூட்டைக் கருதியே வகுக்கப்பட்டவை.

கோபுர உச்சியில் செங்குத்தாகப் பொருத்தியிருக்கும் நீண்ட பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றினுள்ளும் எட்டோ பத்தோ சிறு ஆன்டெனாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒரே அலையை ஒரே தாளத்தில் வெளியிடுகின்றன. எதிரே தொலைவில் இருப்பவருக்கு அவை அனைத்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால் முகட்டோடு முகடு சேர்ந்து அலை வலுக்கிறது. அடிவாரத்தில் நிற்பவருக்கோ, மேல் ஆன்டெனாவின் அலை கீழ் ஆன்டெனாவின் அலையைவிடக் கூடுதல் தூரம் கடந்து பிந்தி வருவதால், ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து பெரும்பகுதி அழிந்துபோகிறது. ஆற்றல் மறைந்துவிடவில்லை, கிடைமட்டத் திசைக்குப் போய்விட்டது. எந்த ஆடியும் மூடியும் இல்லாமல், அடுக்கி வைத்த ஒழுங்கினால் மட்டுமே ஏழெட்டுப் பாகை தடிமனுள்ள விசிறி போன்ற கற்றை பிறப்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. விளக்கடியில் இருட்டு என்பது இங்கே இயற்பியல் உண்மை.

அந்த விசிறியைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். 40 மீட்டர் உயரத்திலிருந்து 5 பாகை சாய்த்தால், கற்றையின் நடுப்பகுதி தரையைத் தொடும் இடம் 450 மீட்டருக்கும் அப்பால். 20 வாட் திறனை 50 மடங்கு குவிக்கும் ஆன்டெனா என்று கொண்டால், அங்கே விழுவது சதுர மீட்டருக்குச் சுமார் 0.0004 வாட். இத்தகைய கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் (ICNIRP) 900 மெகாஹெர்ட்ஸுக்குப் பொதுமக்களுக்காக வகுத்த வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். பல அலைவரிசைகள் சேர்ந்து பத்து மடங்கானாலும், வரம்பில் ஆயிரத்தில் ஒரு பங்கை அது எட்டாது.

கோபுரத்தை வெகுதூரம் தள்ளிவைத்தால் என்ன ஆகும்? கோபுரம் கேட்கும் அளவுக்கு மட்டுமே செல்போன் குரலெடுக்கும். இந்தத் திறன் சரிசெய்தல் மூன்றாம் தலைமுறைச் சேவையில் நொடிக்கு 1,500 முறை நடக்கிறது. நான்காம் தலைமுறைச் செல்போனின் உச்சத் திறன் 0.2 வாட், கோபுரம் அருகில் இருந்தால் அது வாட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க முடியும். சமிக்ஞை மெலிந்த ஊரில் அதே கருவி, காதை ஒட்டியபடியே, முழுக் குரலில் கூவுகிறது. கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கப்படும் ஒட்டுவில்லைகள் உண்மையிலேயே அலையை மறித்தால், செல்போன் இன்னும் உரக்கக் கூவவே நேரும். அச்சத்தை விற்றுப் பிழைக்கும் இந்த வணிகம் எனக்குக் கோபமூட்டுகிறது.

2011-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது, பெரிதும் தலையருகே வைத்துச் செல்போன் பேசுவோரைப் பற்றிய வரம்புக்குட்பட்ட சான்றுகளைக் கொண்டுதான். இத்தகைய நீண்டகால ஆய்வுகளுக்கான பணம் பொதுநிதியிலிருந்து வர வேண்டும். கோபுரம் நடுபவர் பணத்தில் வரும் நல்ல முடிவையும் மக்கள் நம்பமாட்டார்கள்.

மக்களைக் கேளாமல் கோபுரம் நடுவதை நான் ஆதரிக்கவில்லை. மின்னாக்கியின் இரைச்சலும் அடித்தளத்தின் உறுதியும் நியாயமான கேள்விகள். மனுவில் தூரத்தோடு ஆன்டெனாவின் உயரம், சாய்வு, திறன் ஆகியவற்றையும் கேளுங்கள்; நிறுவுவதற்கு முன்னும் பின்னும் அளந்த அளவுகளை வெளியிடச் சொல்லுங்கள். மேட்டு நிலத்தில் ஆன்டெனாவின் மட்டத்திலேயே, அதன் முகத்துக்கு எதிரே ஏதேனும் வீடு இருந்தால், முதல் அளவீட்டை அந்த வீட்டு மாடியில் எடுக்கச் சொல்லுங்கள். அங்கேதான் தூரம் உண்மையாகவே பொருட்படும்.