கிளினிக் போனை யார் எடுப்பது: அக்காவா, ஏஐயா?

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பல் கிளினிக் நடத்துகிறேன். நாற்காலி இரண்டு, டாக்டர் நான் ஒருத்தி, ரிசப்ஷனில் ஓர் அக்கா. சாயங்காலக் கூட்டத்தில் போன் அடித்து அடித்து ஓய்ந்துபோவதைப் பார்த்து, போன வருடம் ஏஐ போன் உதவியாளர் ஒன்றைச் சோதனைக்குப் போட்டோம். அதிலிருந்து மற்ற கிளினிக்காரர்கள், லேப் வைத்திருப்பவர்கள், பக்கத்துத் தெரு பியூட்டி பார்லர் அம்மா வரை "வாங்கலாமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது. ஒரே சமயத்தில் நாலு பேர் அழைத்தாலும் நாலு பேருக்கும் பதில் சொல்லும். "ஞாயித்துக்கிழமை உண்டுமா?", "பஸ் ஸ்டாண்டுல இருந்து எப்படி வரணும்?", "பல் கிளீனிங் எவ்வளவு?" எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இவைதான். இதற்கெல்லாம் அக்காவின் தொண்டைத்தண்ணி வற்ற வேண்டியதில்லை.

சிக்கல் பேச்சில் இருக்கிறது. குரலை எழுத்தாக்கி, பதிலை யோசித்து, அதைத் திரும்பக் குரலாக்க இயந்திரத்துக்கு ஒன்றிரண்டு விநாடி ஆகிறது. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கச் சராசரியாகக் கால் விநாடிகூட ஆவதில்லை. அதனால் அந்த இடைவெளியில் வயதானவர்கள் "ஹலோ... ஹலோ..." என்பார்கள். அதையும் புதுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு இயந்திரம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். "நாளக்கழிச்சு வாரேன்" என்றவருக்கு நாளைக்கே நேரம் போட்டது. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். அப்போது பல் பிடுங்க எங்கள் பக்கம் ரொம்பப் பேர் வரமாட்டார்கள். அந்த நேரத்தை அக்கா கம்பி மாட்டிய பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிடுவார். இயந்திரம் பல் பிடுங்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தது. போனில் சரி என்றார்கள், ஆள் வரவில்லை.

இதெல்லாம் சில்லறைத் தொந்தரவுதான். என்னைக் கலங்கவைத்தது ஒரு ராத்திரி அழைப்பு. பெரியவர் ஒருவர், "தாடை வீங்கிட்டு தாயி, கஞ்சிகூட இறங்க மாட்டேங்கு" என்றிருக்கிறார். இயந்திரம் மரியாதையாக வருத்தம் தெரிவித்து, இரண்டு நாள் கழித்துப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறது. காலையில் பட்டியலைப் பார்த்த அக்கா அந்த வரியில் நின்றுவிட்டார். என்னிடம் கேட்கக்கூட இல்லை. அவரைக் கூப்பிட்டு, "வாய் திறக்க முடியுதா? எச்சில் முழுங்க முடியுதா?" என்று விசாரித்து, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். சொத்தைப் பல்லின் தொற்று நாக்குக்கு அடியில் பரவி மூச்சுப் பாதையையே அடைத்துவிடலாம். லுட்விக்ஸ் ஆஞ்சைனா என்போம். விழுங்க முடியவில்லை என்பது அதன் எச்சரிக்கை மணி. நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார்.

ரிசப்ஷன் என்றால் டோக்கன் போடுவது என்று நானே நினைத்திருந்தேன். பல் பிடுங்கக் கேட்பவரிடம் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அக்கா விசாரிப்பார். பிள்ளை கீழே விழுந்து நிரந்தரப் பல் கழன்றுவிட்டது என்று அழைத்தால், வேரைத் தேய்க்காமல் பாலில் போட்டு அரை மணிக்குள் கொண்டுவரச் சொல்வார். இடது தாடை வலியோடு வியர்வையும் என்றால் எங்களிடம் வரவே வேண்டாம், நெஞ்சு டாக்டரிடம் ஓடுங்கள் என்பார். பன்னிரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கற்றது இது.

வாங்கப்போகிறவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். இயந்திரம் தப்பாகச் சொன்னாலும் பொறுப்பு உங்களுடையதுதான். கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் கொடுத்தது. 2024இல் அங்குள்ள தீர்ப்பாயம் நிறுவனம்தான் ஈடுகட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. பேச்சைப் பதிவு செய்கிறார்களா, எங்கே, எத்தனை நாள் வைக்கிறார்கள் என்று விற்க வருபவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அனுப்பிவிடுங்கள். பேசுவது இயந்திரம் என்று முதல் வரியிலேயே சொல்ல வைப்பதும் அவசியம். சாட்சாத் மனுஷக் குரலில் ஏமாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பகலில் அக்கா, லைன் பிஸியாக இருந்தால் மட்டும் இயந்திரம். ராத்திரி எட்டுக்கு மேல் முழுக்க அதுதான். ஆனால் வீக்கம், ரத்தம், மூச்சு, நெஞ்சு போன்ற சொற்கள் காதில் விழுந்தால் உடனே என் செல்லுக்கு மாற்றிவிடும். அந்தச் சொற்பட்டியலை வைத்திருப்பது அக்காதான். கம்பெனி கொடுத்த பட்டியலில் எட்டுச் சொற்கள் இருந்தன. "இறங்க மாட்டேங்கு" என்று அவர் சேர்த்தது ஒன்பதாவது. போன வாரம் "விண்ணு விண்ணுன்னு தெறிக்கி" என்பதையும் சேர்க்கச் சொன்னார்.