காயிலை மாற்றும் முன் பிளக் குழிக்குள் பாருங்கள்

அண்மையில் பணிமனைக்கு வந்த ஒரு பெட்ரோல் காரில், இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கருவி) ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். மாற்றிய சில வாரங்களில் மறுபடியும் அதே குலுக்கல். காயிலைக் கழற்றி மேலே இழுத்தேன். அதன் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்பிப்போயிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கருங்கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடியது. இன்ஜினின் மேல்மூடியான வால்வு மூடியின் கேஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பு, கசிந்து, எண்ணெய் பிளக் குழிக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. காயில்கள் பழுதானது அதன் விளைவுதான்.

பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கின் முனையில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய, அதுவும் அழுத்தப்பட்ட பெட்ரோல் காற்றுக் கலவைக்குள் பாய, இது போதாது. காயிலுக்குள் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால், பல்லாயிரம் வோல்ட் எழும்புகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் நான்கு வீச்சு இன்ஜினில் (இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி), ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்கிறது. இவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம் எப்போதும் எளிய வழியைத் தேடும். அந்தக் கருங்கோடு அதற்கு எளிய வழி. முனைக்குப் போகாமல் பக்கவாட்டிலேயே இன்ஜின் உடலுக்கு இறங்கிவிடும்.

வண்டி ஓட்டுபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. எரியாத பெட்ரோல் வெளியேறி, புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. உள்ளேயிருக்கும் பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகிவிடும். மேலே சொன்ன காரில் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினேன், உள்ளே உடைந்த துண்டுகள் கலகலத்தன. ஒரு கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அங்கே போய் நின்றது.

வண்டி கிளம்பவே இல்லையென்றால், முதலில் காதால் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரி, அதன் முனைகள், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிளக்கைத் தொட வேண்டியதில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால்தான் தீப்பொறியையும் எரிபொருளையும் சந்தேகிக்க வேண்டும். சூடானதும் நின்று, ஆறியதும் ஒழுங்காகக் கிளம்பும் வண்டிகளில், இன்ஜினின் சுழற்சியை அளந்து சொல்லும் கிராங்க் சென்சாரைப் பலமுறை குற்றவாளியாகக் கண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியில், செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் பி0302 என்று காட்டினால், இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள்; காயில் கெட்டது என்று பொருளல்ல. இன்ஜினை அணைத்துவிட்டு அந்தக் காயிலை மூன்றாவதன் காயிலோடு இடம் மாற்றுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) என்று தேடல் வேறு பக்கம் போக வேண்டும். புதுக் காயில் வாங்கும் முன் இதைச் செய்யச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

கழற்றிய பிளக்கையும் கையில் வாங்கிப் பாருங்கள். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய் பளபளத்தால் பிஸ்டன் வளையத்தையோ வால்வு சீலையோ சோதிக்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்கி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். அந்த மின்சாரம் கைவழியே பாயலாம், காயிலும் கெடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஓடும்போது பானெட்டுக்குள் குனியவே கூடாது.