பழைய கட்டிடம் என்றாலும் வழி விட வேண்டும்: அருங்காட்சியகங்களில் மாற்றுத்திறனாளிகளின் உரிமை

"இது பாரம்பரியக் கட்டிடம், இதில் எதையும் மாற்ற முடியாது." வீல்சேரில் வருபவர்களுக்குப் பழைய அருங்காட்சியகங்களில் சுலபமாகக் கிடைத்துவிடும் பதில் இது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 45ஆவது பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டிடங்கள் எல்லாவற்றையும் 5 ஆண்டுகளுக்குள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி ஆக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2017 ஜூன் 15 அன்று வந்தன. அந்த நாளிலிருந்து எண்ணினால் கெடு 2022 ஜூனில் முடிந்தது. மாநிலங்களின் தயார்நிலையைப் பார்த்து மத்திய அரசு கூடுதல் அவகாசம் தரலாம் என்று ஒரு வாசகம் உண்டு. பழைய கட்டிடம் என்பதற்காக விலக்கு என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. 'பொதுக் கட்டிடம்' என்பதில் பண்பாட்டுப் பயன்பாட்டுக்கான கட்டிடங்களும் அடங்கும் என்று சட்டமே விளக்கிவிட்டதால், சென்னையில் 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகமும், 1795-இல் கட்டிய கட்டிடத்தில் இயங்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் இதற்குள் வருகின்றன.

பழைய கட்டிடத்தில் வேலை செய்யும் முறைதான் வேறு. சாய்தளத்தையே எடுத்துக்கொள்வோம். 1 அடி உயர்வதற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது அளவு. வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் மொத்த உயரம் 45 செ.மீ.; சாய்தளம் குறைந்தது 5.4 மீட்டர் நீள வேண்டும். ஒரு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துப் போட்டால், ஏறும்போது வண்டி பின்பக்கம் கவிழப் பார்க்கும், இறங்கும்போது பிடி நழுவி ஓடும். பழைய கல்லில் துளை போடக் கூடாது என்றால், தன் காலிலேயே நிற்கும் மர அல்லது இரும்புச் சாய்தளம் போதும். வேண்டும்போது கழற்றலாம், கல்லுக்குச் சேதமில்லை. பக்கவாட்டு வாசல் சமதளமாக இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அது பூட்டிக் கிடக்கக் கூடாது, அது எந்தப் பக்கம் என்று முன்வாசலிலேயே பலகை இருக்க வேண்டும்.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுறோம் சார்" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அது வசதி ஆகாது. தூக்குபவர் கால் இடறினால் அடிபடுவது வந்தவர்தான். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்தவர் மற்றவர்களைப் போலத் தானாக உள்ளே போக முடிய வேண்டும்.

மாடிக்கு லிஃப்ட் வைக்கவே முடியாத கட்டிடங்கள் உண்டு. கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்கள் மாடியில்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் கீழ்த்தளத்திலேயே ஒரு திரையில் மாடிக் கூடத்தைக் காட்டலாம், முக்கியமான சிலவற்றின் பிரதிகளைக் கீழே வைக்கலாம். சட்டம் கேட்கும் 'நியாயமான வசதி ஏற்பாடு' இந்த வகைதான்.

உரிமை வாசற்படியோடு நிற்பதில்லை. கலைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்று 29ஆவது பிரிவு சொல்கிறது. பார்வையற்றவருக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நடராசர் இல்லாததற்குச் சமம். கையால் தடவிப் பார்க்க ஒரு பிரதியும் பிரெய்ல் குறிப்பும் வேண்டும். டெல்லி தேசிய அருங்காட்சியகம் இதற்கென்றே 'அனுபவ்' என்று ஒரு கூடம் அமைத்தது. காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிக் காணொளியும், ஒலி வரும் இடமெல்லாம் எழுத்தும் தேவை. இவற்றில் எதற்கும் சுவரைத் தொட வேண்டியதில்லை என்பதால், பாரம்பரியம் என்ற காரணமும் இங்கே எழாது.

2024 நவம்பர் 8 அன்று, பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் வசதிக்கான அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

குறை இருந்தால் முதலில் அருங்காட்சியகப் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால், மாநில அரசின் அருங்காட்சியகத்துக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், இந்தியத் தொல்லியல் துறை போன்ற மத்திய அரசு அமைப்பு நடத்தும் அருங்காட்சியகத்துக்கு டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். படி எத்தனை, வாசல் அகலம் எவ்வளவு, கழிவறைக்குள் வண்டி நுழைகிறதா என்று அளந்து, படத்தோடு எழுதினால் மனு நிற்கும். ஆணையர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையையோ ஏற்காத காரணத்தையோ நிர்வாகம் 3 மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.