டோர்ட்டியாவைத் தவறவிட்ட விட்டமின்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துத் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் பிரவுன்ஸ்வில். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. ஊரில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். 1991 ஏப்ரலில் அங்கே ஒரே ஆஸ்பத்திரியில் 36 மணி நேரத்துக்குள் மூன்று குழந்தைகள் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாமல் பிறந்தன. அக்கரைத் தொழிற்சாலைகளின் கழிவுமீதுதான் முதல் சந்தேகம் விழுந்தது. அதை உறுதியாக நிறுவ முடியவில்லை. வருடங்கள் போனபிறகு ஆய்வாளர்களின் கவனம் ஒரு எளிய கேள்விக்கு வந்து சேர்ந்தது: இந்தத் தாய்மார்கள் தினமும் என்ன சாப்பிட்டார்கள்?

பதில், டோர்ட்டியா. மக்காச்சோள மாவில் தட்டிச் சுடும் மெல்லிய ரொட்டி. மூன்று வேளையும் தட்டில் இருக்கும். நமக்குச் சோறு போல.

டோர்ட்டியாவுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க, கருவின் முதல் நான்கு வாரங்களுக்குப் போகவேண்டும். மூளையும் தண்டுவடமும் ஆரம்பத்தில் ஒரு தட்டையான செல் தகடுதான். வாழையிலையின் இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவில் சேர்ப்பது போல அந்தத் தகடு மடிந்து குழாயாகிறது. மேல்முனை மூடாமல் போனால் மூளை உருவாகாது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்த நிலையில் குழந்தை பிறக்கும். கருவுற்ற சுமார் 28 நாட்களுக்குள் இந்த வேலை முடிந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்து, டாக்டரிடம் போவதற்குள் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே நின்றுபோயிருக்கும்.

அந்த நாட்களில் செல்கள் வெறிபிடித்தது போலப் பெருகுகின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏவைப் புதிதாகப் படியெடுக்க வேண்டும். அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைச் செய்ய ஃபோலேட் என்ற விட்டமின் தேவை. அது குறைந்தால் படியெடுப்பு தடுமாறும், குழாயின் ஓரங்கள் குறித்த நேரத்துக்கு வந்து சேராது. ஃபோலேட்டின் கதையில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயின் துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரில் எலிகளை வைத்துச் சோதித்தார். சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் கொடுத்தால் சோகை தீர்வதை 1931இல் எழுதினார். மார்மைட்டில் இருந்த அந்த மாயப் பொருள்தான் பிறகு ஃபோலேட் என்று தெரியவந்தது.

பிரவுன்ஸ்வில் குழந்தைகள் பிறந்த அதே 1991இல், பிரிட்டன் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்றவர்கள் கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட்டின் செயற்கை வடிவம்) சாப்பிட்டால், மறுபடி அப்படி நேரும் ஆபத்து 72 சதவீதம் குறைந்தது. அடுத்த வருடமே அமெரிக்க அரசு, குழந்தை பெறும் வயதிலுள்ள எல்லாப் பெண்களும் தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கவேண்டும் என்றது. சொல்லிப் பிரயோஜனம் குறைவு. திட்டமிடாமல் தரிக்கும் கர்ப்பங்கள் எக்கச்சக்கம், முன்கூட்டியே யார் மாத்திரை விழுங்குவார்கள்? எனவே 1998 ஜனவரி முதல் மாவிலேயே கலக்கச் சொன்னார்கள். 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம். செறிவூட்டிய கோதுமை மாவு, ரொட்டி, பாஸ்தா, அரிசி எல்லாம் இதில் அடக்கம். வருடத்துக்குச் சுமார் 1300 குழந்தைகள் இந்தக் குறையிலிருந்து தப்பினார்கள். பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு மலிவாகக் கிடைத்த வெற்றிகள் அபூர்வம்.

பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை. டோர்ட்டியா மாவு, அதாவது மாசா.

ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர், என்றால் ஒரே சமையலறை என்று நினைக்கக்கூடாது. கியூபா, போர்ட்டோரிக்கோ வீடுகளில் அரிசிதான் பிரதானம். மெக்சிகோ, குவாத்தமாலா வீடுகளில்தான் மாசா. அங்கிருந்து சமீபத்தில் வந்து, ஊர்ப் பழக்கத்திலேயே சாப்பிடும் பெண்களைத்தான் இந்த விடுபடல் அதிகம் பாதித்தது. வேடிக்கை என்னவென்றால், மற்ற பல விஷயங்களில் இதே பெண்கள்தான் பத்திரமானவர்கள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்களைவிடப் புகையும் மதுவும் குறைவு, பீன்ஸும் பழமும் அதிகம். வருமானம் குறைவாக இருந்தும் எடை குறைந்த குழந்தைகள் அவர்களுக்கு அதிகம் பிறப்பதில்லை. இதற்கு ‘ஹிஸ்பானிக் புதிர்’ என்றே பெயர். பாட்டி வழி சாப்பாடு பலவற்றில் காப்பாற்றியது. அரசாங்கம் விட்டமினை வேறு ரொட்டியில் வைத்துவிட்டதால், அது அவர்களுக்கு எட்டவில்லை. மெக்சிகோ வம்சாவளியினரில் பலருக்கு, ஃபோலேட்டைக் கையாளும் ஒரு நொதி மந்தமாக வேலை செய்யும் மரபணு வடிவம் வேறு இருக்கிறது. அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஃபோலேட் தேவைப்படும்.

மாசா தயாரிப்பு தனி விஞ்ஞானம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. தோல் கழன்று வரும், மாவு ஒட்டும் பதம் பெறும், கால்சியம் சேரும், சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற விட்டமின் விடுபடும். இந்தச் சூட்சுமத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில் நியாசின் குறைவால் வரும் பெலக்ரா நோய் ஏழைகளை வாட்டியது. மெக்சிகோவில் அது பெரிதாகத் தலைகாட்டவில்லை.

சுண்ணாம்பு செய்யும் இன்னொரு வேலை, பூஞ்சை நஞ்சைக் குறைப்பது. மக்காச்சோளத்தில் வளரும் ஒரு பூஞ்சை ஃபுமோனிசின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1989ஆம் வருட விளைச்சலில் அது மிக அதிகம். டெக்சாஸில் அந்தச் சோளம் தின்ற குதிரைகளுக்கு மூளை அழுகியது. பிரவுன்ஸ்வில் கருக்கள் உருவானது அதை ஒட்டிய காலம். செல் சவ்வில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பின் மூலப்பொருளைப் போலவே இந்த நஞ்சின் வடிவம் இருப்பதால், அந்தக் கொழுப்பைச் செய்யும் நொதி ஏமாந்து முடங்குகிறது. ஃபோலேட்டை உள்ளே இழுக்கும் வாங்கிகள் அந்தக் கொழுப்புப் பகுதியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அடித்தளம் ஆடினால் வாங்கிகளும் ஆடும். ரத்தத்தில் இருக்கிற கொஞ்சம் ஃபோலேட்டும் செல்லுக்குள் போகாது. கர்ப்பமான எலிகளுக்கு இந்த நஞ்சைக் கொடுத்தபோது குட்டிகளின் நரம்புக்குழாய் மூடவில்லை. கூடவே ஃபோலேட் கொடுத்தால் பாதிப்பு குறைந்தது. எல்லைப்புறத் தாய்மார்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்விலும், நஞ்சு ஏற ஏற ஆபத்து ஏறியது, ஆனால் ஓர் எல்லை வரைதான். அதற்கு மேல் கணக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பிரவுன்ஸ்வில்லுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். வலுவான சந்தேகம், அவ்வளவுதான்.

மாசாவில் ஃபோலிக் ஆசிட் கலக்க அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2016இல்தான் அனுமதித்தது. அனுமதிதான், கட்டாயம் இல்லை. மிகச் சில கம்பெனிகளே கலந்தன. கோஸ்டாரிகா என்ற குட்டி நாடு 1999லேயே மக்காச்சோள மாவில் கலக்கத் தொடங்கியதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. கடைசியில் கலிபோர்னியா, 2026 ஜனவரி முதல் ஒரு பவுண்டு மாசா மாவுக்கு 0.7 மில்லிகிராம் சேர்க்கவேண்டும் என்று சட்டம் போட்டது. கணக்குப் போட்டால் 100 கிராமுக்கு 154 மைக்ரோகிராம். 100 கிராம் மாவில் ஆறேழு டோர்ட்டியா வரும். நாள் தேவையான 400ஐ இது மட்டும் நிரப்பாது. கூடவே ஒரு கிண்ணம் பீன்ஸ் இருந்தால் நிலைமை நன்றாக மாறும்.

மாத்திரை சாப்பிட்டால் போச்சு என்று தோன்றலாம். ஆனால் விட்டமின் மாத்திரை பசியைக் கிளப்பி உடம்பைப் பெருக்கவைக்கும் என்ற எண்ணம் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலரிடம் இருக்கிறது. மாத்திரைக்குத் தயங்குகிறவர்கள் கஷாயத்துக்குத் தயங்குவதில்லை. சீமைச்சாமந்தி டீ பெரும்பாலும் சாதுதான். ‘ரூடா’ அப்படியல்ல, அது கருப்பையைச் சுருங்கவைக்கும் மூலிகை. மண்பாண்டமும் கவனிக்கவேண்டியது. மெக்சிகோவின் பளபளப்பான பானைகளில் பலவற்றுக்கு ஈயப் பூச்சு உண்டு, புளிப்பான குழம்பு பட்டால் ஈயம் கரையும். அது எலும்பில் தங்கி, குழந்தைக்குக் கால்சியம் கொடுக்க எலும்பு கரையும் கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்கு வரும். மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது ரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது.

அப்புறம் சீஸ். ‘கெசோ ஃபிரெஸ்கோ’ கிட்டத்தட்ட நம் பனீர் மாதிரி. ஈரம் அதிகம், புளிப்பு குறைவு. லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது, பிரிட்ஜ் குளிரிலும் அது வளரும். தாய்க்கு லேசான காய்ச்சல் வந்து போகும், கிருமியோ நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்விடும். 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் இந்தச் சீஸால் 142 பேருக்கு நோய் வந்தது. இறந்த 48 பேரில் 20 பேர் பிறக்காத சிசுக்கள், 10 பேர் பச்சிளங்குழந்தைகள். பாதிக்கப்பட்ட தாய்மார்களில் பெரும்பாலோர் ஹிஸ்பானிக் பெண்கள்.

சாப்பிடாதே என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. 1997இல் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் காய்ச்சாத பாலில் செய்த இதே சீஸால் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா பரவியபோது அதிகாரிகள் வேறு வழியில் போனார்கள். ஊர்ப் பாட்டிமார்களையே கூப்பிட்டு, பதப்படுத்திய பாலில் அதே ருசி வரும் செய்முறையைத் தேற்றி, அவர்களைக் கொண்டே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெயர் ‘அபுவேலா’ திட்டம், ஸ்பானிஷில் பாட்டி என்று அர்த்தம். சீஸ் வீட்டை விட்டுப் போகவில்லை. நோய் குறைந்தது.