நகரத் திட்டத்தில் காமன் பொட்டலுக்கும் இடம் கேட்கலாம்

இலங்கை மலையகத்தில் காமன் கூத்து ஆடுகிற இடம், பதினொரு மாதம் சும்மா கிடக்கிற காணிதான். பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள், ஆட்டோ நிறுத்துவார்கள். மாசியில் கம்பம் ஊன்றியதும் அதுவே காமன் பொட்டல். ரதியும் மதனும் ஆடி, மதன் எரிகிற இரவில் ஊரே அங்கேதான் நிற்கும். நகரத் திட்டத்துக்காக அளக்க வருகிறவர் வேறு மாதத்தில் வந்தால் அவருக்கு அது வெற்றுக் காணி. வரைபடத்தில் வணிக வலயத்தின் நிறம் விழுந்தால், பிறகு கடைத்தொகுதிதான்.

தொல்பொருள் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்று எடுத்துக்கொள்வது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. மலையகத் தமிழரான நம் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்ததே 1820களில்தான். ஆக லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடு, தோட்டத்து மாரியம்மன் கோயில் எல்லாமே அந்தக் கணக்கில் 'புதுசு'. 100 ஆண்டு தாண்டிய கட்டடத்தை வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவித்துக் காக்க வழியுண்டு. கட்டடமே இல்லாத பொட்டலுக்கு அது எங்கே உதவும்?

உதவக்கூடியது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். இதன்கீழ் அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட ஊருக்குத் திட்டம் போடும்போது, வரைபை 60 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவித்தல் வரும். அந்த 60 நாளுக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபம், யோசனை கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம்; அது அரசியலமைப்பு தந்த உரிமை. ஒன்று கவனியுங்கள்: தோட்டம் அந்தப் பிரதேச எல்லைக்கு வெளியே இருந்தால் இந்தத் திட்டம் அதைத் தொடாது. முதலில் எல்லையைப் பாருங்கள்.

'எங்கள் கலாசாரத்தைப் பாதுகாக்கவும்' என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்தில் நகர வீதியில்தான் போகின்றன. அப்படி ஒரு தேர் உங்கள் ஊரில் ஓடினால் எந்தச் சந்தியில் திரும்புகிறது, எவ்வளவு அகலம் வேண்டும், மின்கம்பி எந்த இடத்தில் இடிக்கிறது என்று எழுதுங்கள். பொட்டல் என்றால் காணியின் நான்கு எல்லை, எத்தனை நாள் கூத்து, எவ்வளவு பேர் கூடுகிறார்கள் என்பதெல்லாம் வேண்டும். அதைப் பொதுத் திறந்தவெளியாகக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். திட்டம் போடுகிறவருக்குப் புரிகிற பேச்சு அதுதான்.

வரைபு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லையா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

கடிதத்தைக் கோயில் சபையும் கூத்து மாஸ்டரும் சேர்ந்து ஒப்பமிட்டால் நல்லது. கம்பம் ஊன்றிய நாள் எடுத்த படம் ஒன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.