பரு ஆறிவிட்டது, கறை ஏன் போகவில்லை?

முகத்தில் ஒரு பரு வருகிறது. வீங்கி, பழுத்து, ஒரு வாரத்தில் அடங்கியும் விடுகிறது. ஆனால் அது இருந்த இடத்தில் ஒரு கருப்புக் கறை மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கொசு கடித்துச் சொறிந்த இடம், சூடு பட்ட இடம், சிராய்த்துக்கொண்ட முட்டி, எல்லாவற்றிலும் இதே கதைதான். மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்று பலரும் நார் போட்டுத் தேய்ப்பார்கள். அதனால் கறை இன்னும் கறுக்கத்தான் செய்யும், ஏனென்றால் அது மேலே படிந்த அழுக்கு இல்லை, உள்ளேயிருந்து வந்தது.

மேல்தோல் உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். அதன் அடி வரிசையில், சாதாரணத் தோல் செல்களுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாக மெலனோசைட் என்னும் நிறமி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நீளமான கிளைகளை நீட்டிச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, டைரோசினேஸ் என்ற நொதியைக் கொண்டு மெலனினாக மாற்றுவது இவற்றின் வேலை. அந்த நொதிக்குத் தாமிரம் இல்லாமல் ஓடாது. (தாமிரத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.) செய்த மெலனின் சின்னச் சின்னப் பொதிகளாகக் கிளைகள் வழியே பக்கத்து செல்களுக்குப் போய்ச் சேரும். வாங்கிக்கொண்ட செல் அதைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்து, குடை பிடித்தாற்போல வைத்துக்கொள்ளும். உட்கருவில்தான் டி.என்.ஏ. இருக்கிறது. புற ஊதாக் கதிர் அதைச் சேதப்படுத்தாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

கருப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் நிறமி செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கருத்த தோலில் பொதிகள் பெரிதாக, தனித்தனியாகப் பரவியிருக்கும். வெளிர்ந்த தோலில் சிறிதாக, கொத்தாக இருந்து சீக்கிரம் சிதைந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

சரி, பரு எப்படிக் கறையாகிறது? நிறமி செல் தானாக வேகமெடுப்பதில்லை. வெயிலில் டி.என்.ஏ. சேதமான தோல் செல், ஆல்ஃபா எம்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை வெளியிடும். அது நிறமி செல்லைத் தொட்டதும் மெலனின் உற்பத்தி கூடும். வெயிலில் அலைந்து இரண்டு மூன்று நாள் கழித்து உடம்பு கறுப்பது இதனால்தான். அழற்சியும் அப்படித்தான். பருவோ, அரிப்போ, புண்ணோ, அங்கே உருவாகும் புராஸ்டாகிளாண்டின், லியூகோட்ரையின் போன்ற வேதிப்பொருட்கள் நிறமி செல்லை முடுக்கிவிடும். பரு அடங்கியதும் இந்த முடுக்கல் மெல்ல நிற்கும். அதற்குள் செய்து கொடுத்துவிட்ட மெலனின் எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

மேல்தோலிலேயே தங்கியிருந்தால் கவலையில்லை. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஒரு மாதமோ கொஞ்சம் கூடுதலோ ஆகும், வயதானால் இன்னும் மெதுவாகும். சில சுற்று உதிர்ந்தால் கறையும் கூடவே போய்விடும். ஆனால் அழற்சி கடுமையாகி அடி வரிசை செல்கள் சிதைந்திருந்தால், மெலனின் கீழே அடித்தோலுக்குள் இறங்கிவிடும். அங்கே உதிர்வதற்கு வழியில்லை. மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு செல்கள் அதை விழுங்கி, செரிக்கவும் முடியாமல் வருடக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். மேலாக இருக்கும் கறை பழுப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். ஆழத்தில் இருப்பது சாம்பலும் நீலமும் கலந்தாற்போல மங்கித் தெரியும். தோல் மருத்துவர் இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்னும் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பதும் இந்த ஆழத்தை அறியத்தான்.

பூசும் மருந்துகளில் பெரும்பாலானவை இருக்கிற மெலனினை அழிப்பதில்லை. புதிதாக உண்டாவதைக் குறைக்கின்றன, மிச்சம் உதிரும் வரை நாம்தான் காத்திருக்க வேண்டும். ஆகவே ஏழே நாளில் கறை மறையும் என்று எந்த டியூப் சொன்னாலும் நம்பாதீர்கள். இரண்டு மூன்று மாதம் ஆவது இயல்பு.

எந்த மருந்துக்கும் முன்னால் வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும். சன்ஸ்கிரீன் போடுகிறவர்களும் பெரும்பாலும் போதுமான அளவு போடுவதில்லை. சோதனைக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசித்தான், அது வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்.பி.எஃப். எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். நாம் பூசுவது அதில் பாதிகூட வராது. இன்னொன்றும் உண்டு: கருத்த தோலைக் கறுக்க வைக்கக் கண்ணுக்குத் தெரியும் நீல, ஊதா ஒளியே போதும். வெள்ளையாக இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன் இதை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் வகைதான் தடுக்கும். மங்கு, அதாவது முகத்தின் இரு பக்கமும் படரும் கருமை, இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

மருந்து கிடைத்த கதை சுவாரசியமானது. 1930களின் கடைசியில், அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் தொழிலாளர்களுக்குக் கைகளில் நிறம் போகத் தொடங்கியது. விசாரித்தால், அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் மோனோபென்சோன் என்ற பொருள் இருந்தது. நிறமி செல்களையே கொன்றுவிடக்கூடியது அது. அதன் நெருங்கிய உறவுதான் ஹைட்ரோகுவினோன். அதைப் போல அழிக்காமல், டைரோசினேஸை மட்டுப்படுத்துவது. 1975இல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் இதனுடன், செல்கள் சீக்கிரம் உதிர டிரெட்டினாயினையும் அழற்சி அடங்க ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்தார்கள். இன்றும் மங்குக்கு எழுதித் தரும், மூன்று மருந்தும் கலந்த கிரீம்களுக்கு மூலம் இதுதான்.

நல்ல மருந்துதான், ஆனால் சில வாரங்களுக்கு, மருத்துவர் பார்வையில். இதையே முகம் வெளுக்கும் கிரீமாக நினைத்து வருடக்கணக்கில் பூசினால், ஸ்டீராய்டால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் வெளியே தெரியும், பரு பொங்கும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். ஹைட்ரோகுவினோனே நீண்ட நாளில் நீலம் கலந்த கருமையைக் கொண்டுவந்துவிடக்கூடும். இன்னும் மோசமானது, சில வெளுப்புக் கிரீம்களில் கலக்கப்படும் பாதரசம். டைரோசினேஸில் இருக்கும் தாமிரத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் பாதரசம் உட்கார்ந்துகொள்ளும், நொதி முடங்கிவிடும். நிறம் குறையும், கூடவே சிறுநீரகமும் கெடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத டப்பாவை வாங்கவே வேண்டாம் என்பேன்.

சாதுவான மருந்துகளும் உண்டு. தேமல் வந்த இடம் சில சமயம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான ஈஸ்ட் என்னும் பூஞ்சையைத் துருவிப் போனதில் தெரியவந்ததுதான் அசலாயிக் அமிலம். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் பருவையும் சேர்த்துக் கவனிக்கும். நியாசினமைடு மெலனின் உற்பத்தியில் தலையிடாது, பொதிகள் கைமாறுவதைக் குறைக்கும்.

மங்கு மட்டும் தனி ரகம். கன்னம், நெற்றி, மேலுதடு என இரு பக்கமும் ஒரே மாதிரி படரும். கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரையாலும் வரும். மங்கு உள்ள தோலில் நிறமி மட்டும் கூடுவதில்லை, ரத்த நாளங்களும் பெருகியிருக்கும். அதனால் போனது போலிருந்து ஒரே வெயில் காலத்தில் திரும்பி வரும். ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் டிரானெக்சாமிக் அமிலம் இதற்குக் கைகொடுக்கிறது. ரத்த உறைவு வந்தவர்களுக்கு அந்த மாத்திரை கூடாது. லேசரைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம்தான். அதன் சூடே அழற்சியாகி, கருத்த தோலில் இருந்ததைவிடப் பெரிய கறையைக் கொடுத்துவிடலாம்.

கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. பெரும்பாலும் இன்சுலின் மிகுந்து தோல் செல்கள் பெருகுவதால் வருவது அது. சர்க்கரைக்கு ரத்தம் பார்க்க வேண்டும். எடை குறைந்து இன்சுலின் இறங்கினால் அந்தத் தடிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.